ஒன்றிலிருந்து பத்துக்குள்

சௌகிட் மேல் மோனோரயில் போகும்போதெல்லாம்
என் அறைக் கண்ணாடி ஒருமுறை உதறும்.
மூன்றாம் அறை. குடும்ப மருத்துவப் பயிற்சி, முதல் ஆண்டு.
சுகுணேஸ்வரி என்ற பெயர் அட்டையில் கொள்ளாமல்
பாதியில் நிற்கிறது.
வருகிறவர்களுக்கு நான் மிஸ்ஸிதான்.

ஆளுக்குப் பத்து நிமிடம்.
ஆளுக்கொரு படிவம்.
நான்காம் கட்டத்தில் கேட்டிருக்கிறது:
வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள்.

கம்பி கட்டும் ஷஃபியுல்
கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்,
எத்தனை சொன்னால் எம்.சி. கிடைக்கும்?

மேடம் சியூ படிவத்தையே என் பக்கம் தள்ளினாள்.
நாலு போட்டுவிட்டேனாம்.
அவள் மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை.
மூன்று போடு, இல்லை ஐந்து போடு,
முழங்கால் அதற்குத் தகுந்தமாதிரி வலிக்கும் என்றாள்.

ரொஹிங்கியாத் தாய் ஒருத்தி அரை நிமிடம் பேசினாள்,
அடிவயிற்றைத் தொட்டு, முதுகைத் தொட்டு,
காற்றில் எதையோ பிழிந்து காட்டி.
மொழிபெயர்க்க வந்த மகன் சொன்னான்: ஏழு.
அது அவனுடைய வயது என்று
அடுத்த வாரம்தான் தெரிந்தது.

சரி, தமிழாவது கைகொடுக்கும் என்றிருந்தேன்.
செந்தூல் அடுக்குமாடியிலிருந்து வந்த அமிர்தவல்லி
ராத்திரி குடையுது டாக்டர், விடிஞ்சா கடுக்குது,
குனிஞ்சா சுருக்குனு ஒரு இழுப்பு என்றார்.
குடைச்சலுக்கு எத்தனை, கடுப்புக்கு எத்தனை?
சொந்த மொழியில் தடுக்கி விழுந்து
ஆறு என்று எழுதினேன்.

பிறகு பஹாருடின்.
வயது ஐம்பத்தாறு, சந்தைக்கு முட்டைக்கோஸ் இறக்குகிறவர்.
நெஞ்சில் ஏதோ காற்று என்றார்.
எவ்வளவு வலி?
போலே தஹான், என்று சிரித்தார்.
தாங்கிக்கொள்ளலாம்.
மூன்று போட்டேன்.
வயிற்றுப்புண் மருந்து, காரம் குறையுங்கள், அடுத்த எண்.
எட்டு நிமிடத்தில் முடிந்ததில்
எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அடுத்த எண் மேடம் சியூ, மாதாந்திரப் பிரஷர்.
உள்ளே வந்தவள் உட்காரவில்லை.
குடைநுனியால் வெளியைக் காட்டினாள்.
அந்த ஆள் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்,
முகத்து நிறம் நன்றாயில்லை,
என் முறையை அவருக்குக் கொடு.
கையிலிருந்த சீட்டில் 1044.
முறையைத்தான் கொடுத்தாள்.
சீட்டைக் கசக்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இ.சி.ஜி. தாளில் கோடு
மேடு மேடாக ஏறிக்கொண்டே வந்தது.
பரீட்சையில் இதே படத்துக்கு
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
ஆஸ்பிரினை மெல்லுங்கள் என்று நான் சொல்ல
அவர் கவலை வேறாக இருந்தது:
லாரி இரட்டைக் கோட்டில் நிற்கிறது மிஸ்ஸி,
சம்மன் வந்துவிடும்.
ஸ்ட்ரெட்சர் திரும்பும்போது
சாவியை நர்ஸ் ரொஹானி கையில் வைத்தார்.
ரொஹானிக்கு லாரி ஓட்டத் தெரியாது.
வாங்கிக்கொண்டாள்.

உதறிய கண்ணாடியில் அப்போது
என் முகமும் தெரிந்தது. அதைச் சொல்லவேண்டாம்.

மேடம் சியூவுக்குப் பிரஷர் நூற்று எழுபது.
உனக்கு எவ்வளவு இருக்கும், பார்த்தாயா, என்றாள்.

சாயங்காலம் பயிற்சிப் பதிவேட்டில்
மேற்பார்வையாளர் எழுதினார்:
ஒரு நோயாளிக்குச் சராசரி பதினான்கு நிமிடம்.
நேரத்தைக் கவனிக்கவும்.
கீழே கையெழுத்து, கீழே முத்திரை.

பஹாருடினின் படிவத்தை எடுத்து
மூன்றை அடித்தேன்.
பக்கத்தில் எழுத ஓர் எண் தேடினேன்.
பேனா முனை ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றது.
அந்தப் புள்ளியோடே கோப்புக்குள் போயிற்று.

ஈப்போவிலிருந்து தங்கச்சி அழைத்தாள்.
எப்டிடி இருக்க?
பரவால்ல, என்றேன்.
ஒழுங்கா சொல்லு.

மேலே கடைசிக்கு முந்தைய ரயில் போயிற்று.