வெற்று எடை

புதுவயல் எடைமேடையில் சீட்டுப் போடுகிறவள் நான்.
நெல்லோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை
லாரி ஏறி நிற்கும்.
கழித்தால் வருவதுதான் கணக்கு.

பழைய சீட்டுக்கட்டின் முதுகில்
சேவுகனின் சொற்களை எழுதிவந்தேன்.
பத்தாம் மாதம்: ம்மா.
பதினொன்றில்: கா. காக்கைக்கும் கோழிக்கும்
ஓட்டில் வந்து உட்கார்ந்த மயிலுக்கும் அதே கா.
அப்புறம் தன்னி, இலா, பிக்கு,
தவிட்டு மூட்டை ஏற்ற வரும் வண்டிகளைப் பார்த்து
லாலி, லாலி, லாலி.
ஒன்றரை வயதில் பத்தொன்பது.
ஷார்ஜாவுக்குப் போன் போட்டு வாசித்தேன்.
அவர் சிரித்த சிரிப்பில்
பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொண்டார்.

சொல் போகும்போது சத்தம் வருவதில்லை.
முதலில் போனது இலா. ஐப்பசி மூடாக்கு,
வானத்திலேயே நிலா இல்லையே என்று இருந்துவிட்டேன்.
பிக்கு போனபோது, பல் முளைக்கிறது என்றேன்.
ம்மா எந்தக் கிழமை போனது என்று
இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.
முப்பது டன் வண்டியில் இருபது கிலோ குறைந்தால்
கூவி நிறுத்துகிறவள் நான்.

பெயர் சொன்னால் திரும்புவதில்லை.
அடுப்படியில் முறுக்குப் பொட்டலம் பிரிந்தால்
ஓடி வருகிறான். காது கேட்கிறது என்று
நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.
டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு
அது அடங்கும்வரை குனிந்து பார்ப்பான்.
அடங்கியதும் மறுபடி.
டாட்டா காட்டிய கை
கண்ணுக்கு நேரே விரல் அசைத்துத்
தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆம்பளப் பிள்ள மெதுவாத்தான் பேசும்.
எங்க வீட்டுல ஒருத்தன் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்,
இப்ப வக்கீலு" என்றாள் அடைக்கம்மை.
செல்போன் என்றார் ஒருவர். ஊசி என்றாள் ஒருத்தி.
நீ வேலைக்குப் போறதாலதான் என்று
யாரும் சொல்லவில்லை. அதுவும் காதில் விழுந்தது.

காரைக்குடி டாக்டரம்மா
சீட்டுக்கட்டைப் பின்பக்கமாகவே புரட்டிப் படித்தார்.
"வராம இருக்கறது வேற.
வந்துட்டுப் போறது வேற.
போகுதுன்னா காத்திருக்கக் கூடாதும்மா, ஒடனே வரணும்."
ஊசியால் இல்லை, உன் வேலையால் இல்லை என்றார்.
பின்னே எதனால் என்றேன்.
இன்னும் முழுசாத் தெரியாது என்றார்.
அன்றைக்குக் கேட்ட பேச்சில்
அந்தத் தெரியாது ஒன்றைத்தான் நம்பினேன்.
காது பார்க்க ஒரு சீட்டு, ரத்தத்துக்கு ஒன்று,
தூங்கவைத்து மூளை அலை பார்க்க ஒன்று.

செவ்வாய், வெள்ளி தேவகோட்டைக்கு பஸ்.
ஜெசிந்தா டீச்சர் அவனைப் பேசு என்பதில்லை.
தரையில் உட்கார்ந்து
அவன் மூடி சுழற்றினால் தானும் ஒன்று சுழற்றுகிறார்.
ஏழாவது வாரம்
தன் மூடியை விட்டு அவர் மூடியைப் பார்த்தானாம்.
"பாத்தீங்களா!" என்றார்.
நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தாகம் எடுத்தால் என் மணிக்கட்டைப் பிடித்துக்
குடம் வரைக்கும் இழுத்துப்போகிறான்.
முகத்தைப் பார்ப்பதில்லை. அகப்பையைக் கொண்டுபோவது போல
என் கையைக் கொண்டுபோகிறான்.
தன்னி, என்கிறேன் நான்.
தண்ணீர் என்று திருத்தாமல்
அவன் விட்ட இடத்திலேயே நின்று, தன்னி.

ஞாயிற்றுக்கிழமை, மில்லில் ஆள் இல்லை.
அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடை ஏறினேன்.
இருபது இருபதாகத்தான் காட்டும் அந்த இயந்திரம்.
அவனோடு: அறுபது.
இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டு நான் மட்டும்: அறுபது.
கழித்துப் பார்த்தேன்.
சிரிப்பு வந்தது. இவனுக்கு இது மேடையில்லை.

அப்போது கண்டனூர் ரோட்டில்
ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு லோடு வண்டி போனது.
தலை திரும்பியது. அது வளைவில் மறைகிறவரை
உதடு குவிந்து, அப்படியே இருந்தது.
சொல் ஒன்றும் வரவில்லை.

புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து
முதுகுப் பக்கம் எழுதினேன்:
ஞாயிறு. லாரியைப் பார்த்தான்.