எட்டாவது மாற்று

ஏழு மாற்றுகளை
மணிலாக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.
எட்டாவதில் பழங்களைத் தூக்கிவிட்டு
மீன் வைத்தேன்:
வஞ்சிரம், சங்கரா, கிழங்கான்,
எதனோடும் ஒட்டிக்கொள்ளும் ஜோக்கராக ஒரு நண்டு.

ரெட்டியார்பாளையம், இரண்டாம் மாடி.
ஏசி சொட்டுவதற்கு ஒரு வாளி.
ஒலி வேலை பார்க்கும் சவேரிநாதன்
தோற்கும்போதும் காசு விழும் சத்தத்தைச் சேர்த்தான்,
கொஞ்சம் மெலிதாக.

மூன்றாவது வஞ்சிரம்
கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும்.
அந்த விரற்கடைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

ராத்திரி முழுக்கக் கணினி தனக்குத்தானே ஆடியது,
ஒரு கோடி சுற்று.
நூறு போட்டால் தொண்ணூற்று நாலு திரும்பும்.
கணக்கு சுத்தம்.

காலையில் பதிவைப் புரட்டினேன்.
38117 என்கிற ஆட்டக்காரன்,
வெறும் எண், நான் பெற்ற எண்,
தொடர்ந்து நூற்றாறு முறை தோற்றிருந்தான்.
எழுந்து போகத் தெரியாது அவனுக்கு.
அதை நான் எழுதவில்லை.

கீழே டீக்கடையில்
மூன்று ரூபாய் சில்லறைக்குப் பதில்
இஞ்சி மிட்டாய் இரண்டு தந்தார்கள்.
ஒன்று பாக்கி என்று கேட்க வாயெடுத்து,
வாங்கிக்கொண்டு
மேலே வந்தேன்.

ஒன்பதாவதில்
நண்டு பக்கவாட்டில் நகரும்.