அணைக்காத உலை

வழக்கறிஞர் பென்டிக்ஸன் மூன்று விளக்குக்கூடு கேட்கிறார்.
சாம்பல் நிறம், உள்ளே கொஞ்சம் மஞ்சள்,
"நவம்பர் நாலு மணி போல" என்கிறார் தொலைபேசியில்.
எங்கள் விவாகரத்தை எழுதிக்கொடுத்த அதே பென்டிக்ஸன்.
விலையில் பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார்.
அன்று அவர் எங்களுக்குக் குறைக்கவில்லை.
ஒப்புக்கொண்டேன்.
மீன் புகைக்கூடத்துக்குச் செய்த ஐம்பது கோப்பைகளுக்கு
இன்னும் பணம் வரவில்லை,
எரிவாயு ரசீது வந்துவிட்டது.

வீடு தோர்கிலுக்கு.
படகு எனக்கு; விற்றுவிட்டேன்.
நாய் தானே முடிவெடுத்தது.
உலையை மட்டும் யாராலும் பிரிக்க முடியவில்லை.
ஆயிரத்து நூற்று இருபது டிகிரி, இரவும் பகலும்.
அணைத்தால் உள்ளிருக்கும் பானை விரிசல் விடும்.
ஆகவே, அணைக்காமல் இருவரும் வைத்துக்கொள்ளலாம் என்று
நான்காம் பக்கத்தில் தட்டச்சு செய்திருக்கிறது.
கீழே இரண்டு கையெழுத்து.

செவ்வாயும் வியாழனும் அவன் வருகிறான்.
ஒன்பது கிலோ கண்ணாடியை ஒருத்தி சுழற்றலாம்,
சுழற்றிக்கொண்டே ஊத முடியாது.
குழலின் அந்த முனையில் ஒரு வாய் வேண்டும்.
அவன் தரையில் குந்துகிறான், நான் பெஞ்சில்.
நனைத்து மடித்த செய்தித்தாள் என் உள்ளங்கையில் புகைகிறது,
தீவின் படகு நேரங்கள், ஒரு கார் விளம்பரம்,
எவருடையதோ அறுபதாம் பிறந்தநாள்,
எல்லாம் கருகும் வாசனை.

ஊது.
போதும்.
இன்னும் கொஞ்சம்.
நிறுத்து.

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில்
ஒருவர் சொன்னதை ஒருவர்
இவ்வளவு சரியாகக் கேட்டதில்லை.

கோல்டிங்கிலிருந்து வந்திருக்கும் மைக்கென்
மறுசூட்டு அடுப்பின் கதவைத் திறந்து மூடுபவள்.
காப்பி நேரத்தில் மெதுவாக ஆரம்பித்தாள்,
"நீங்கள் இரண்டு பேரும்..."
"கதவு!" என்றான் தோர்கில்.
ஓடிப்போய்த் திறந்தாள்.
அடுப்பில் எதுவும் இல்லை.

முதல் கூடு தரையில் விழுந்தது. என் தவறு.
இரண்டாவது பரவாயில்லை.
மூன்றாவதில் சாம்பல் ஊதாவாகத் திரும்பிவிட்டது.
நகராட்சி நீச்சல்குளச் சுவருக்கு வாங்கிய பழைய பொடி;
அந்த வேலைக்கு ஆர்ஹுஸிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர்
நாற்பத்தொரு வரைபடம் அனுப்பியிருந்தார், மில்லிமீட்டரில்.
தன் முடி பொசுங்கும் வாசனையை ஒருமுறைகூட
நுகர்ந்திருக்கமாட்டார்.
ஊதா எனக்குப் பிடித்தது, அவனுக்குப் பிடிக்கவில்லை.
மறுபடி ஊதினோம்.
மறுபடி ஊதா.
இனி பென்டிக்ஸனின் நவம்பர் இதுதான் என்று விட்டோம்.

சூளையில் ஆற்ற வேண்டும், பதினாறு மணி நேரம்.
அவசரப்பட்டு எடுத்தால் கண்ணாடி அப்போது ஒன்றும் சொல்லாது.
மூன்று வாரம் கழித்து
யாரோ ஒருவருடைய சமையலறையில்
யாரும் தொடாமலே
படீரென்று.

இதற்கு முன் எல்லாவற்றின் அடியிலும்
வைரமுனையால் ஒரே குடும்பப்பெயரைக் கீறுவோம்.
இப்போது எந்தப் பெயர் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.
பிறகு மைக்கென்தான் நினைவூட்டினாள்,
அந்த இடத்தில் மின்கம்பிக்குத் துளை போட வேண்டுமே என்று.
போட்டோம்.

பென்டிக்ஸன் வீட்டில் ஏணிமேல் தோர்கில்,
கீழே திருகாணிகளை நீட்டியபடி நான்.
விளக்கைப் போட்டார்கள்.
இரண்டாவது கூட்டில் மிளகளவு ஒரு குமிழி.
"இது குறையா?" என்றார் வழக்கறிஞர்.
"இல்லை" என்றோம், இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.
அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.
ஊதா பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.
இன்னொரு ஐந்து சதவீதம் கேட்டார்.

திரும்பும் வழியில் பேச்சில்லை,
இன்றிரவு உலைக்குக் கலவை போடுவது யார் முறை என்பதைத் தவிர.
அவன் முறை. அவனுக்குச் சளி.
இரண்டு மணிக்கு நான் போனேன், பூட்ஸில் பனியோடு.
கதவை இழுத்ததும் அந்த வெளிச்சம் முகத்தில்.
புருவம் கருகாத தூரத்தில் நின்று
நாலு கரண்டி போட்டேன்.