நிலவறை

நிலத்தின் கீழே இருபத்தொரு படி.
போஸ்னான் நகரத்தில் எங்களுக்குக் கிடைத்தது
இந்த அறைதான்.
மேலே டிராம் தண்டவாளம்.
கீழே, எஃகுப் பீப்பாய்க்குள், நிலவு.

நிலவு என்றால்
சைலீசியக் குவாரி ஒன்றின் கரும்பாறை.
இடித்து, சலித்து, மூன்று நாள் வறுத்து
ஈரம் என்பதே மறந்துபோகும்வரை உலர்த்தியது.
இருமினால் பறக்கும்.
நகத்திடுக்கில் ஏறிவிட்டால்
ஞாயிற்றுக்கிழமை சூப்பிலும் நறநறக்கும்.

காற்றை மெல்ல மெல்லத்தான் உறிஞ்ச வேண்டும்.
போன மாதம் ஹல்ஷ்கா அவசரப்பட்டாள்.
மண் பாலைப்போல் பொங்கி
கண்ணாடிச் சன்னலில் அப்பிக்கொண்டது.
துடைக்க நான்கு நாள்.
இப்போதெல்லாம் வால்வைத் திருகும்போது
அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொள்கிறாள்.

பிறகு ஊசி.
முழங்கை நீளம், உள்ளே சூடேறும் இழை,
ஐந்து இடத்தில் உணரிகள்.
துளியூண்டு சூடு கொடுத்துவிட்டு
காத்திருக்கிறோம்.

காற்று இருந்தவரை அதுதான் தூது போனது.
இப்போது துகளும் துகளும்
தொட்டுக்கொள்ளும் முனையில் மட்டுமே வழி,
காதும் காதும் வைத்தாற்போல்.
முனை விட்டால் பள்ளம்.
பள்ளத்தை வெறும் கதிராய்த் தாவ வேண்டும்.
ஒரு விரற்கடை தாண்ட
இரண்டு மூன்று நாளாகிறது.
"சூடு சொரணை இல்லாத ஜென்மம்" என்று திட்டிவிட்டு
தேநீர் போடப் போனான் போஷிதார்.

ஒன்பதாம் நாள் எண் ஏறியது.
கம்பியைப் பார்த்தோம், கசிவைப் பார்த்தோம்,
ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தோம்.
விடிகாலை ஐந்துக்கு மேல் ஏறும்,
நள்ளிரவில் நிற்கும்,
ஞாயிறன்று சோம்பும்.
ஹல்ஷ்காதான் சுவரில் உள்ளங்கை வைத்துச் சொன்னாள்:
"ஆறாம் எண் வண்டி."

ஒவ்வொரு முறை அது கடக்கும்போதும்
பீப்பாய் எங்களுக்குத் தெரியாமல் நடுங்கி
துகள்கள் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம்,
நெருங்கி உட்கார்ந்திருக்கின்றன,
பெஞ்சில் இன்னொரு ஆளுக்கு
இடம் விடுவதுபோல.
ஆள் இறங்கிப் போன பின்னும்
அவை விலகவில்லை.

நிலவில் டிராம் இல்லை.
ஆகவே அதைக் கழித்தோம்.
மண்ணைக் கொட்டி, மறுபடி சலித்து,
பீப்பாயின் அடியில் ரப்பர் கட்டைகள் செருகி
முதலிலிருந்து.

கிறிஸ்துமஸ் முன்னிரவு.
வண்டிகள் சீக்கிரமே பணிமனைக்குப் போய்விட்டன.
நான் மட்டும் காவல்.
திரையில் கோடு படுத்துக் கிடந்தது,
நேராக, நம்பும்படியாக.
எங்கள் வீட்டு மேசையில் வழக்கம்போல
வராத விருந்தாளிக்கென்று ஒரு தட்டு இருக்கும்.
இந்த வருடம்
காலியாக இரண்டு.

பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன்.
கழித்த எண் ஓரத்தில் பென்சிலில் இருந்தது,
நான்காம் தசமத்தில் ஒரு நான்கு.
அலகு போடாமல் விட்டிருந்தேன்.
அழிப்பானைத் தேடினேன்,
அப்படியொன்றும் மும்முரமாக அல்ல.