எட்டாம் வாய்ப்பாடு

கே. பாவாயி,
விற்பனை மேலாளர்,
ஸ்டார்ச் கம்பெனி, ஆத்தூர் ரோடு, சேலம்.
அந்தக் கார்டைப் பார்த்துவிட்டு
இச்சல்கரஞ்சியிலிருந்தும் மாலேகாவிலிருந்தும்
‘மிஸ்டர் பாவாயி’ என்றே கடிதம் போடுவார்கள்.
அம்மா மறுத்து எழுதமாட்டாள்.
ரயிலேறிப் போய் எதிரில் நிற்பாள்.

கடிதங்களின் வெள்ளை முதுகில்
நான் வீட்டுக்கணக்குப் போட்டேன்.

கைப்பையில் ஆறு மாவுப் பொட்டலம்.
நல்ல மாவு விரலிடுக்கில் கறுக்கென்று பேசும்,
கலப்படம் வாயே திறக்காது என்பாள்.
அதே விரல்களால் என் காதுமடலை உருட்டி
‘பால் குடிச்சியா?’ என்று கேட்டால்
என்னாலும் வாய் திறக்க முடியாது.

ஒற்றைப் பொம்பளைக்கு அறை கிடையாதென்ற லாட்ஜை,
ஆர்டர் புத்தகம் தலைக்கு வைத்துத் தூங்கிய
வெயிட்டிங் ரூமை,
வீட்டில் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னாள்.
சிரித்தோம்.
இப்போது எனக்கு அவளுடைய அந்த வயது.
சிரிப்பு வரவில்லை.

அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங்.
சோறு வடிப்பார், சீருடை தேய்ப்பார்,
பின்னல் மட்டும் வராது.
ஞாயிறு ராத்திரி ஜங்ஷனுக்குக் கிளம்புமுன்
ஆறு நாளைக்குத் தாங்குகிற மாதிரி
இறுக்கி, இறுக்கிப் பின்னிவிட்டுப் போவாள்.
வியாழன் வரை நெற்றி இழுக்கும்.
சனிக்கிழமை அவள் ரிப்பனை அவிழ்க்கையில்
வலியும் சுகமும் ஒரே மயிர்க்காலில்.

எட்டு மணிக்கு ட்ரங்க் கால்.
கம்பெனி கொடுத்த கறுப்பு ஃபோனில்
நான் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும்,
கான்வென்ட் பாணியில், இங்கிலீஷில்.
விடையை மட்டும் அவள் திருப்பிச் சொல்வாள்.
முப்பத்திரண்டு.
நாற்பது.
இரைச்சலுக்கு நடுவே, கத்தி.

ஐப்பசியில் போனாள்.
பதினாறாம் நாள்
மணியார் சேட்டின் மகன் பேசினார்.
அவருக்கே எழுபது இருக்கும்.
‘மூட்டைக்கு நாற்பதுக்கு மேல் தரமாட்டேன்னு
எங்கப்பா பிடிவாதமா இருந்தார்.
உங்கம்மாவுக்கு ஃபோன் வந்தது.
நாற்பது என்றார். நாற்பத்தெட்டு என்றார்.
யாரோ போட்டிக்கு விலை ஏத்துறான்னு
அப்பாவுக்கு வேர்த்துப்போச்சு.
ஐம்பத்தாறு என்றதும் கையைத் தூக்கினார்,
ஐம்பதுக்கு முடிச்சுக்கோம்மா என்று.
உங்கம்மா ரிசீவரைப் பொத்திக்கொண்டு
ஐம்பத்திரண்டு என்றார்.
ஊருக்கே தெரிந்த கதை இது.
அந்தப் பக்கம் பேசினது எந்த மில்லு?
அப்பா சாகும்வரை விசாரிச்சார்.’

நான்தான் என்று சொன்னேன்.
மூணாங்கிளாஸ்.

எட்டாம் வாய்ப்பாட்டில் ஐம்பத்திரண்டு கிடையாது, அம்மா.

எனக்கும் நினைவிருக்கிறது அந்த ராத்திரி.
ஐம்பத்தாறுக்குப் பிறகு
கம்பியில் வெறும் காற்று.
தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று
எச்சில் விழுங்கி நின்றேன்.
அவளுடைய வருடத்தின் மிகப் பெரிய ஆர்டர்
அந்த மௌனத்துக்குள் முடிந்துகொண்டிருந்தது.
பிறகு அவள் குரல் வந்தது,
எதுவும் நடக்காத மாதிரி:
‘ம், மேலே சொல்லு கண்ணு.’

நேற்று மகளோடு ஏற்காடு ஏறினேன்.
வயிற்றைப் புரட்டாமலிருக்க
வளைவை எண்ணிக்கொண்டே வரச் சொல்வாள் அம்மா.
மகளும் பலகை பார்த்து எண்ணினாள்.
ஏழாம் வளைவில் எதிரே இறங்கிய பஸ்ஸுக்காக
ஒதுங்கி நின்றோம்.
சில்வர் ஓக் இலைகளுக்குக் கீழே
சேலம் சுண்ணாம்பு நிறத்தில் கிடந்தது.
மகள் பேச்சை நிறுத்திவிட்டாள்.
முகம் வெளுத்திருந்தது.
கை தானாகப் போய்
அவள் காதுமடலைப் பிடித்தது.

ம், என்றேன்.
மேலே சொல்லு.