பதின்மூன்றாம் எண் ஸ்பானர்

ரெம்ஷைடில் ஞாயிறென்றால்
கிரைண்டருக்கும் விடுமுறை.
அது சட்டம். சட்டத்தின் காது
மேல்மாடி ஜன்னலில், ஃப்ராவ் லோமன்.
ஆகவே இன்று அரம்.

வாரநாளில் நான் பல் செய்கிறவள்.
முகம் தெரியாதவர்களின் கடைவாய்கள்
அச்சு வார்ப்பாய் என் மேசைக்கு வரும்.
ஒரு மயிரிழை உயர்ந்துவிட்டால்
பாண் கடிக்கும்போதெல்லாம்
எங்கோ ஒரு வாய் என்னைத் திட்டும்.
அந்தக் கையோடுதான்
பழைய வோல்வோவின் நான்கு வாய்க்கும்
ஒரே தொண்டை செய்ய இறங்கினேன்.

துருப்பிடிக்காத எஃகில் பன்னிரண்டு முழங்கைகள்.
துண்டு துண்டாய் அரிந்து,
ஸ்டியரிங் தண்டுக்கு விலகி,
பிரேக் குழாயைத் தொடாமல்,
பேட்டரிக்குச் சூடு காட்டாமல்
டர்போ உட்காரும் இடம் போய்ச் சேரவேண்டும்.
நான்கும் ஒரே நீளம்.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு:
வெடிக்கிற வரிசை அது.
வழி சமமில்லையென்றால்
பின்னால் கிளம்பிய புகை முந்தி வந்து
வாசலில் முண்டியடிக்கும்.

வளைந்ததற்கு நூல் பிடிக்க வரவில்லை.
ஒரு முனையை டேப் ஒட்டி அடைத்து
சம்பா அரிசியைக் கொட்டினேன்.
முதல் குழாய் நானூற்று நாற்பது மில்லி.
இரண்டாவது முப்பத்தெட்டு, போகட்டும்.
நான்காவது நாற்பத்தொன்று.
மூன்றாவது மட்டும் எழுபத்தொன்று!
அறுத்தேன். கொட்டினேன். அறுத்தேன்.
கொட்டினேன்.
இரவு கபிலேசன் தட்டை முகர்ந்து
"என்னப்பா, சோத்தில இரும்பு மணக்குது" என்றான்.
ஐந்து தரம் கழுவினேன் என்று நான் சொல்லவில்லை.

எஃகு சூடேறினால் பக்கம் சாயும்,
காசு வாங்கிய சாட்சி மாதிரி.
அதனால் ஃபிளாஞ்சைச் செத்த எஞ்சின் ஒன்றின் தலையில்
போல்ட் போட்டு இறுக்கி,
குழாய்க்குள்ளே ஆர்கன், வெளியே ஆர்கன்,
முகமூடிக்குள் என் மூச்சு மட்டும் காற்று.
இங்கே ஒரு பொட்டு. ஆறட்டும்.
எதிர்ப்பக்கம் ஒரு பொட்டு.
இப்படி ஏழு மாலை.
எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில்
மேலே ஒரு செருமல் கேட்கும்.
அணைத்துவிடுவேன்.

முடிந்தபோது ஒட்டெல்லாம்
சாய்த்து அடுக்கிய வெற்றிலை போலிருந்தது.
ஃப்ராவ் லோமன் கீழிறங்கி வந்து
"ஊதுகிற வாத்தியமா?" என்று கேட்டார்.
சத்தம் குறைக்கிற சாமான் என்றேன்.
பாதி உண்மை.

நேற்று வண்டியில் ஏற்றினேன்.
எட்டு நட்டில் ஏழு இறுகியது.
மூன்றாம் வாயின் கீழ் நட்டுக்கு
ஸ்பானர் போக இடமில்லை.

ஸ்டியரிங்குக்கு வழி விட்டேன்,
பிரேக்குக்கு, பேட்டரிக்கு,
புகைக்கு.
என் கைக்கு விடவில்லை.

கராஜ் தரையில் குந்தியிருந்து
தேத்தண்ணி ஆறி ஏடு படியும்வரை பார்த்தேன்.
குழாயை அறுப்பதா?
திரும்பத் திரும்ப அரிசி கொட்டிய அந்த மூன்றாவதையா?
என் தொழிலில்
பல்லைத்தான் தேய்ப்போம்,
தாடையை அல்ல.

ஆகவே இன்று அரம்.
பதின்மூன்றாம் எண் ஸ்பானரை வைஸில் கொடுத்து
கன்னத்தைச் சீவுகிறேன்,
கழுத்தைப் பாதியாக்குகிறேன்.
கருவி செய்து பேர் வாங்கிய ஊரில்
அந்த ஊர் அரத்தாலேயே
அந்த ஊர் ஸ்பானரைக் கெடுக்கிறேன்.
அழகு போய்விட்டது அதற்கு.
இனி வேறு எந்த நட்டுக்கும் அதை நம்பக்கூடாது.

மேலே ஜன்னல் திறக்கிறது.
"கேட்கிறதா?" என்கிறேன் அண்ணாந்து.
"கேட்கிறது" என்கிறார் ஃப்ராவ் லோமன்.
ஜன்னலை மூடவில்லை.
வேறெதுவும் சொல்லவுமில்லை.

நுழைகிறது.
அரைக்கால் சுற்றுக்கூட இல்லை, ஒரு மிளகளவு.
எடுத்து, புரட்டி, மறுபடி மாட்டி
இன்னொரு மிளகு.
பதினேழாவதா, பதினெட்டாவதா,
எண்ணிக்கை தவறும் நேரம்
உள்ளேயிருந்து கபிலேசன் கூப்பிடுகிறான்:
"சாப்பிட வா.
இண்டைக்குப் பாண்தான், பயப்பிடாத."