சய நாலு

பெட்டியை மாங்குளத்தில்
கதவு செய்கிற ஒருவர் அடித்துத் தந்தார்.
மெல்லிய பலகை போதும் என்றேன்.
மிஞ்சிக் கிடந்தது முதிரைதான் என்றார்.
தூக்க இரண்டுபேர் வேண்டும்.
மேலே பள்ளிக்கூட அடிமட்டம் இரண்டை
முனைக்கு முனை ஒட்டினேன்.
உள்ளங்கால் பதியுமிடம் பூச்சியம்.
அதற்கு அப்பால் சக,
இப்பால் சய.

ஒட்டுசுட்டான் வீதியால் இறங்கி
சிவப்புத் தலைக் கட்டைகள் முடிகிற இடத்தில்
தகரக் கொட்டில்.
விசில் ஊதியதும் வந்தார்கள்,
கண்ணிவெடி எடுக்கிற பெண்கள் பதினெட்டுப் பேர்.
கவசத்தைக் கழற்றிய பிறகும்
தோளில் வார் கிடந்தது, தோலில் பள்ளமாக.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னேன்.
டிலக்சி மாட்டேன் என்றாள்,
காலுறைக்குள்ளால் பெருவிரல் தெரியுமாம்.
மற்றவர்கள் கழற்றினார்கள்.
எல்லாப் பெருவிரலும் தெரிந்தன.
அவளும் கழற்றினாள்.

படித்ததை ஒப்புவித்தேன்:
முழங்கால் மடங்கக் கூடாது.
கைமேல் கை.
வெட்டி இழுக்கக் கூடாது.
விரல்நுனியை மெதுவாக, மிக மெதுவாக
முன்னுக்கு நகர்த்துங்கள்.
எங்கேயாவது தடுத்தால்
அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
பின்னால் ஒருத்தி இருமினாள்.
இருமலுக்குள் சிரிப்பு இருந்தது.
காலை ஆறு மணியிலிருந்து
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்று
முக்கால் முழம் மண் சுரண்டியவர்களுக்கு
நான் மெதுவைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

நிறோஜினி இருந்தாள்.
அவளுடைய விரல்கள் அடிமட்டத்தின்மேல்
கோடு கோடாகப் போயின,
முதிரைக்கு அடியிலும் ஏதும் இருக்கலாம் என்பதுபோல்.
கொட்டிலுக்கு மேலே குரங்கு ஓடித் தகரம் அதிர்ந்தது.
விரல் அதிரவில்லை.

சய மூன்று. சக ஒன்று. சய ஆறரை.
குந்தியிருந்தும் முழங்காலிட்டும்
ஐந்து வருசம், ஆறு வருசம்.
பின்தொடைத் தசை வைத்த இடத்தில் வளர்கிற பிள்ளை.
குறுக வைத்தால்
அதுதான் தன் நீளமென்று நம்பிவிடும்.
இதை அறிக்கையில் வேறுமாதிரி எழுதவேண்டும்.

கடந்த ஆறு மாதத்தில் காலில் காயம் உண்டா?
'ஆறு மாசத்தில இல்ல' என்றாள் யசோதினி.
மாசம் என்ற சொல்லில் கொஞ்சம் நின்று.
படிவம் கேட்டது அவ்வளவுதான்.
இல்லை என்று எழுதினேன்.

மூன்று தரம் நீட்டினாள்.
மூன்று தரமும் சய நாலு.
மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.
இன்னும் போகும், எனக்குத் தெரிந்தது,
மூச்சு முழுதாக வெளியே வரவில்லை.
'இன்னும் கொஞ்சம் எட்டலாமே யசோதினி.'
'எங்கட வேலையில மிஸ்,
தொடாம நிப்பாட்டத்தான் சம்பளம்.'

கொட்டில் முழுக்கச் சிரித்தது.
நானும்.
பிறகு ஒரு கணம் பேனையை மூடத் தெரியாமல் இருந்தேன்.

'மிஸ்ஸுக்கு எவ்வளவு?'
யார் கேட்டதோ. இருத்திவிட்டார்கள்.
விரிவுரைக்கும் விடுதிக்கும் இடையில்
கதிரையிலேயே வளர்ந்த கால்கள்.
சய ஒன்பது.
டிலக்சி உரக்க வாசித்தாள்,
பட்டியலின் அடியில்
பத்தொன்பதாவது ஆளாகப் பெயர் போட்டாள்,
வயது என்ற இடத்தில்
கேட்காமலே முப்பது என்று எழுதினாள்.
எனக்கு இருபத்தாறு.
அழிக்கவில்லை.

ஒரு துவாய், தினமும் ஐந்து நிமிடம்,
ஆறு வாரத்தில் திரும்ப அளக்க வருவேன் என்றேன்.
'அளந்தவையள் திரும்ப வாறேல்ல' என்றாள் நிறோஜினி,
குற்றமாக இல்லை,
மழை வராது என்பதுபோல.

விசில்.
சப்பாத்துகள், கவசங்கள்.
பெட்டியை வாகனத்தில் ஏற்ற
யசோதினியும் இன்னொருத்தியும் வந்தார்கள்.
முழங்காலை மடக்கித் தூக்குங்கள் என்று
நான் சொல்லி முடிக்க முதல்
கால் விறைக்க, இடுப்பால் குனிந்து,
ஒரே வெட்டில் தூக்கினார்கள்,
முதிரை முழுவதையும்.